சேவல் இல்லாத பண்ணை

எருமப்பட்டி தாண்டி எங்கள் பண்ணையில்
நாற்பதாயிரம் கோழி.
சேவல் ஒன்றுகூட இல்லை.
முட்டைக்குச் சேவல் எதுக்கு என்பார் சூப்பர்வைசர்.
விடிவதை இங்கே டைமர்தான் சொல்கிறது:
நாலு மணிக்கு டியூப்லைட் எரியும்,
கூண்டுக்குள் எல்லாக் கழுத்தும் ஒன்றாய் நீளும்.

ஈஸ்டர் கழிந்த இரண்டாவது செவ்வாய்.
மதியம் கரண்ட் போய் வந்தது.
வந்ததும் ஃபாகர் மோட்டாரைப் போடவேண்டியவள் நான்.
ஸ்டோர் ரூமில் நின்று
பையன் பள்ளிக்கூடத்து ஆபீசில்
பீஸுக்கு நாள் கேட்டுக்கொண்டிருந்தேன் போனில்.
ஓடிவந்து போட்டபோது மூணாம் ஷெட்டில்
நூற்றுப்பன்னிரண்டு கோழி
வாயைத் திறந்தபடி கிடந்தன.

மோட்டார் யாரு பாத்தது, என்றார் சூப்பர்வைசர்.
சுசீல் டோப்னோ அந்தப் பக்கம் எரு அள்ளிக்கொண்டிருந்தான்.
தெரியாதுங்க, என்றேன்.

சாயங்காலம் கணக்கப்பிள்ளை கூப்பிட்டார்:
ஏம்மா எப்சிபா, அந்த ஜார்க்கண்ட் பையன்
உங்க சர்ச்சுக்குத்தானே வாரான், ஆளு எப்படி?
கடைசி பெஞ்சில், எங்களுக்குப் பின்னால்,
வார்த்தை புரியாமலே ராகத்தைப் பிடித்துப் பாடுகிறவன்.
என் பையன் சைக்கிளுக்குச் செயின் மாட்டித் தந்தவன்.
நமக்கு அத்தனை பழக்கமில்லீங்க, என்றேன்.

இரண்டு மாதச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு
சேலத்தில் ரயிலேற்றி விட்டார்கள்.
ஞாயிறு ஆராதனை முடிந்து
கைகொடுக்கும்போது பாஸ்டர் கேட்டார்:
தம்பியக் காணமே?
தெரியலீங்க ஐயா, என்றேன்.
சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் காத்திருந்தேன்.

ஒன்றும் கூவவில்லை.
மினிபஸ் ஒன்று திரும்பியது. யாரோ செருப்புத் தேடினார்கள்.
அந்த மீன்காரனுக்கு
முற்றத்தில் நெருப்பு இருந்தது, ஒரு சேவல் இருந்தது,
திரும்பிப் பார்க்க ஒரு முகம் இருந்தது.
வெளியே போய் அழ முடிந்தது அவனுக்கு.
நான் வீட்டுக்குப் போய்ப் பருப்பு வேகவைத்தேன்.
நன்றாகவே சாப்பிட்டேன்.

ஐப்பசி மழைக்குப் படுதாவை இறக்கிக் கட்டினோம்.
கூண்டுக்கு அடியில் ஆறு மாத எச்சம் நனைந்து நொதித்தது.
விடிகாலை உள்ளே நுழைந்தால்
அமோனியா கண்ணில் ஊசி இறக்கும்.
எல்லாருக்கும்தான் வடிந்தது.
பாவாயி முந்தானையால் துடைத்துக்கொண்டு சிரிப்பாள்,
யாரு செத்ததுக்கக்கா இந்த அழுவ?
எனக்குத் தெரிந்திருந்தது.

நாமக்கல் கண் டாக்டர் சொட்டு மருந்து எழுதித் தந்தார்.
போட்டால் அடங்கும்.
அடங்கிய நாட்களில் அவன் முகம் வராது.
எரிச்சலைப் புண்ணியம் என்று சொல்ல வரவில்லை.
பாவாயிக்கும் அதே எரிச்சல்,
அவளுக்கு அது வெறும் கண்நோவு, அவள் மருந்து போடட்டும்.
சாட்சிக் கூட்டத்தில் எழுந்து
கர்த்தர் என் கண்ணைத் தொட்டார் என்று சொல்லவும் மாட்டேன்.
ஆனாலும் ஆண்டவரே,
ஜெபத்தை அடைத்துவிட்டேன், பாட்டை அடைத்துவிட்டேன்,
உமக்கென்று வேறு சந்து எதையும் நான் விட்டுவைக்கவில்லை.
இந்த மூக்கு வழியாகவும் கண் வழியாகவும்தான்
நீர் வரவேண்டியிருந்தது,
கோழி எச்சத்து வாடையோடு.

பத்தாம் தேதி சம்பளம்.
மூணாம் ஷெட் வாசலில் மேஜை போட்டிருந்தார்கள்.
என் முறை வந்ததும் பேனாவை வாங்கி,
கையெழுத்துப் போடாமல்,
அன்னிக்கு மோட்டாரப் போடாம விட்டது நானுங்க, என்றேன்.
கணக்கப்பிள்ளை நோட்டிலிருந்து தலை தூக்கவில்லை.
உள்ளே தீவன வண்டி நகர ஆரம்பித்திருந்தது,
ஷெட்டே ஒன்றாய்க் கத்தியது.

கோழிச் சத்தத்துல ஒண்ணுங் கேக்கல,
சத்தமாச் சொல்லும்மா, என்றார்.

கண்ணைத் துடைக்கவில்லை.
கழுத்தை நீட்டி
இன்னொருமுறை சொன்னேன்.